மாவு வண்டுகளும் மார்கழிக் கிரகணமும்

எங்கள் வீட்டில் குடியிருந்த மிஸ்ஸைப் பெண் பார்க்க வந்தவர்களைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு கதை உண்டு. நுவரெலியாப் பக்கத்துக் குடும்பம். வடை, கேசரி, தேநீர் எல்லாம் முடிந்து எழும்பும்போது மாப்பிள்ளையின் பெரியப்பா வழக்கம்போல, "வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்றாராம். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து இவர், "எப்ப?" என்று கேட்டாராம். பெரியப்பா செருப்பைத் தேடினாராம். அவர்கள் சொல்லி அனுப்பவேயில்லை.

நான் அந்த இடத்தில் இருக்கவில்லை. ஆகவே இதை அப்படியே நம்புங்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் வீட்டு முன்னறையில் அவர் குடியிருந்த காலத்தில் அந்த "எப்ப?" என் காதில் விழாத நாள் குறைவு. என் மனைவி முழங்கால் வலிக்கிறது என்றால் போதும். எப்போது தொடங்கியது, படி ஏறும்போதா இறங்கும்போதா, மழைக்கு முந்தியா பிந்தியா என்று வரிசையாக வரும். "வலிக்குதுன்னா வலிக்குது. அதுக்குப் போய் பஸ் டைம்டேபிளா கேக்குற?" என்பாள் மனைவி.

சிரிக்க முடியாத இடங்களும் இருந்தன. ஒரு சாவீட்டில், கூடத்தில் உடலைக் கிடத்தியிருக்கும்போதே, இறந்தவரின் மனைவியிடம் போய் உட்கார்ந்து, நெஞ்சு வலி எப்போது வந்தது என்று கேட்டார். சுற்றியிருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் காலையிலிருந்து வாய் திறக்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா அப்போதுதான் பேசத் தொடங்கினார். முதல் நாள் மாலையிலிருந்து நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அழுதார்.

அவரது பெயரை எழுதப்போவதில்லை. ஊரில் அவரை வண்டு மிஸ் என்றார்கள். அதற்குக் காரணம் அவர் ஊருக்குக் கொண்டுவந்த சாமான்.

கொரோனாவுக்காக நாட்டை மூடிய அந்தப் பங்குனியில், கடைசியாக ஓடிய பஸ்களில் ஒன்றில் எங்கள் ஊரான லிந்துலைக்கு வந்து இறங்கினார். பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவியாளராக இருந்தார். தோளில் ஒரு பை. மடியில் ஒரு அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் ஒரு பழைய நுணுக்குக்காட்டி, அதாவது மைக்ரோஸ்கோப், சில சின்னக் குப்பிகள், மெல்லிய துணியால் வாய் கட்டிய நான்கு போத்தல்கள். போத்தல்களில் கோதுமை மா, மாவுக்குள் வண்டு. நம் வீட்டு மா டப்பாவில் கண்டால் முறத்தில் கொட்டிப் புடைத்து வெளியே எறிவோமே, அதே செங்கபில நிற வண்டு.

அவருடைய பெற்றோர் மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தார்கள். அங்கே நுணுக்குக்காட்டியை வைக்க இடமில்லை. மழை வந்தால் கரண்டும் போய்விடும். ஆகவே எங்கள் முன்னறையைக் கேட்டு வந்தார். "இத்தன நாளும் மனுசங்களுக்குத்தான் ரூம் குடுத்தோம்" என்றாள் என் மனைவி. அன்றிலிருந்து எங்கள் வீட்டு மா டப்பாவின் மூடிக்கு மேலே ஒரு அம்மிக் குழவி ஏறியது.

முன்னறை அவருக்குச் சரி. வண்டுக்குச் சரியில்லை. அந்தச் சாதி வெயில் நாட்டுப் பிராணி. லிந்துலைக் குளிரில் முட்டையிடுவதை நிறுத்திவிடும். ஊர் முழுக்கத் தேடி, எப்போதும் சூடாக இருக்கும் ஒரே சுவரைக் கண்டுபிடித்தார். அது கடைத்தெருவில் இருந்த பேக்கரியின் அடுப்புச் சுவர்.

பேக்கரி நடத்திய முஸ்லிம் பெரியவரான நானாவிடம் கேட்கப் போனபோது துணைக்கு நானும் போனேன். நானா முதலில் காது கேளாதவர் போல நின்றார். பிறகு சொன்னார்: "மகள், மாவுல வண்டு வந்திடப்படாதுன்னு ஒவ்வொரு நாளும் துஆ கேக்கிறவன் நான். நீங்க என்ட பேக்கரியில வண்டுக்கு வாடக ரூம் கேக்கிறீங்க."

மிஸ் கோபப்படவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. நானாவிடம் அப்போது இருந்த மா மூட்டைகள் எப்போது வந்தவை என்று கேட்டார். நானா சொன்னார். அவற்றில் ஒன்றைக் காட்டி, இதில் முட்டை இருக்கிறது, இன்னும் சில நாட்களில் புழுவாகும் என்றார். சலித்துக் காட்டினார். நானா அரைநாள் யோசித்தார். பிறகு அடுப்புச் சுவரின் வெளிப்பக்கத்தில், பூட்டுப் போட்ட ஒரு தகரப் பெட்டிக்கு இடம் கொடுத்தார். சுகாதாரப் பரிசோதகர் வந்தால் அந்தப் பெட்டியைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்பது நிபந்தனை. "வண்டு ஒண்ணு வெளிய வந்தாலும், மகள், நான் பேக்கரிய மூடிட்டு உங்கட யூனிவர்சிட்டிக்கு வந்திடுவன், படிக்க" என்றார்.

தினமும் காலையில் அவர் அந்தப் பெட்டியைத் திறந்து செய்யும் வேலையை நான் பார்த்திருக்கிறேன். பெரிய வண்டுகளைப் புது மாவில் விடுவார். கொஞ்ச நேரம் கழித்து அவற்றைச் சலித்து எடுத்துவிடுவார். இப்போது அந்த மாவில் முட்டைகள் மட்டுமே. எல்லாம் ஒரே நேரத்தில் இட்டவை. அதனால் எந்த முட்டையை எப்போது பார்த்தாலும் அதன் வயது தெரியும்.

நான் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். லிந்துலையில் எந்த வருடம் மழை முந்தியது, எந்த லயத்துக் கூரை எப்போது காற்றில் போனது, எந்த ஆண்டு கோயில் தேர் வெளியே வரவில்லை என்று விசாரித்துச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. ஆகவே இவரும் என் ஆள் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் அதைச் சொல்லியும் விட்டேன். அவர் தலையாட்டி மறுத்தார்.

"ஐயா, நீங்க எப்பன்னு தெரிஞ்சதும் சந்தோசமா நிறுத்திடுறீங்க. நான் எப்பன்னு தெரிஞ்ச பிறகுதான் ஆரம்பிக்கிறேன்."

எதை ஆரம்பிக்கிறார் என்று கேட்டேன். தேயிலையை வைத்தே விளக்கினார். கவ்வாத்து வெட்டிய செடி வெறும் குச்சியாக நிற்கிறது. சில வாரத்தில் பக்கவாட்டில் சின்னச் சின்ன மொட்டுகள் தள்ளுகின்றன. முட்டைக்குள் வண்டுக் குஞ்சின் உடம்பிலும் அப்படித்தான் முதலில் மொட்டுகள் வரும். அந்த மொட்டு கால் ஆக வேண்டுமா, நுனி வரை வளர வேண்டுமா என்பதை முடிவு செய்யும் மரபணுக்கள் சில உண்டு. அவற்றில் ஒன்று, மொட்டை வெளிப்பக்கமாக நீண்டு போகச் செய்வது. அதை அமர்த்திவிட்டால் கால் தொடங்கும், ஆனால் நுனிக்குப் போகாது. அதன் உறவுக்கார மரபணுக்கள் மனித உடம்பிலும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரு நேரம் இருக்கிறது. அந்த நேரத்துக்குள் நடந்தால் நடந்தது. அது கடந்த பிறகு தடுக்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. இதைச் சொல்லி முடிப்பதற்குள் தேநீர் ஆறிப்போய்விட்டது. நான் பாதிதான் புரிந்துகொண்டேன். மீதி அந்த ஆடி மாதத்தில் புரிந்தது.

அவருடைய பெற்றோர் இருந்த லயத்தின் கடைசிக் காம்பராவில் ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணும், அவள் கணவனும், மாமியாரும் இருந்தார்கள். ஊரடங்கின் நடுவே, சித்திரையில், அந்தப் பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இடது கையில் விரல்கள் இல்லை. மணிக்கட்டுக்குச் சற்றுக் கீழே கை நின்றுவிட்டிருந்தது. விரல் இருக்க வேண்டிய இடத்தில் கடலைப்பருப்பு போல ஐந்து மொட்டுகள்.

காரணம் என்னவென்று லயம் உடனே கண்டுபிடித்துவிட்டது. மார்கழியில் சூரிய கிரகணம் பிடித்த காலையில், வயிற்றுப்பிள்ளைக்காரி எதையும் வெட்டக்கூடாது என்று எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தபோது, அவள் பாண் ரொட்டி வெட்டியிருக்கிறாள். கத்தி பாணில் படவில்லை, பிள்ளையின் கையில் பட்டது. மாமியாரே அதைச் சொன்னதால் அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

அந்தப் பெண் குழந்தையின் கைக்குக் கம்பளி நூலில் ஒரு உறை பின்னிப் போட்டாள். குளிப்பாட்டும்போதுகூடக் கதவைச் சாத்திக்கொண்டாள். பிரசவ விடுமுறை முடிந்து, காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் பேர் கொடுக்க வேண்டிய நாள் வந்தபோது போகவில்லை. வேலைக்குப் போனால் குழந்தையைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் விட வேண்டும். அங்கே ஆயா உறையைக் கழற்றுவாள். எல்லோரும் பார்ப்பார்கள். இன்னும் சில வாரம் போகாவிட்டால் தோட்டத்தில் பேர் வெட்டிவிடுவார்கள் என்று கணக்கப்பிள்ளை சொல்லி அனுப்பியிருந்தார். கிளினிக்குக்கும் அவள் போகவில்லை. குழந்தைக்குப் போட வேண்டிய ஊசிகூடத் தள்ளிப்போனது. இதெல்லாம் மிஸ்ஸின் தாய் வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

ஆடி மழைக்குள் ஒரு நாள் அந்த மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். முகக்கவசத்தைத் தாடையில் இறக்கிவிட்டு, வாசலிலேயே நின்று என்னிடம் கேட்டார்:

"ஐயா, அந்த மார்கழிக் கிரகணம் எத்தன மணிக்குப் புடிச்சிச்சி?"

காலை எட்டு மணி தாண்டிப் பிடித்தது, பதினொன்று தாண்டித்தான் விட்டது என்றேன். எட்டுக்கு முந்தி இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். ஒன்பது மணிபோல நடுவில் கொஞ்சம் விட்டிருக்குமோ என்று கேட்டார். கிரகணம் அப்படி நடுவில் விடாது என்றேன். அவர் முகம் தொங்கிப்போனது. போவதற்குத் திரும்பினார்.

முன்னறைக் கதவு திறந்தது.

"அத்த, எப்பன்னு ஏன் கேக்குறீங்க?" என்றார் மிஸ்.

மாமியார் படியில் இறங்கப் போனார். அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் நுணுக்குக்காட்டியின் முன் உட்கார வைத்தார் மிஸ். முதல் குப்பியில் இருந்த புழுவைக் காட்டினார். ஆறு கால். அடுத்த குப்பியில் இருந்ததைக் காட்டினார். அதற்கும் ஆறு கால்தான், ஆனால் எல்லாம் அடியோடு நின்றுபோன கட்டைகள். மாமியார் கண்ணை எடுக்காமல் பார்த்தார். இதற்கு என்ன ஆனது என்று கேட்டார். தாய் வண்டுக்குத் தான் ஊசி போட்டதாகவும், காலை நுனிவரைக்கும் கொண்டுபோகிற மரபணுவை அந்த ஊசி அமர்த்திவிட்டதாகவும் மிஸ் சொன்னார்.

மாமியார் நிமிர்ந்தார். "தாய்க்குத்தானே ஊசி போட்ட. புள்ளைக்குக் காலு இல்ல. அப்ப தாய் செஞ்சதுதானே புள்ளைக்கு வருது? நீயே காட்டிட்டியே, பாப்பா."

நன்மை செய்யப் போய் இவர் அந்த மருமகளின் தலையில் கடைசிக் கல்லையும் வைத்துவிட்டார் என்று நினைத்தேன். என் மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மிஸ் மட்டும் கொஞ்சம் சிரித்தது போல இருந்தது.

"சரிதான், அத்த. ஆனா அந்த ஊசிய நான் எப்ப போட்டேன்னு நீங்க கேக்கலயே."

"எப்ப போட்ட?"

"முட்டை இடுறதுக்கு முந்தி. கால் மொளைக்கிறதுக்கு முந்தி. முட்டைக்குள்ள கால் மொளைச்சி முடிஞ்ச பிறகு தாய்க்கு நூறு ஊசி போட்டாலும் அந்தக் கால் திரும்ப உள்ள போகாது. இப்ப சொல்லுங்க, மருமகளுக்கு எப்ப மசக்க வந்திச்சி?"

மாமியார் விரலை மடக்கி யோசித்தார். ஆடிப் பூசைக்குக் கோயிலுக்கு வந்தாள். அப்போது ஒன்றும் இல்லை. ஆடிக் கடைசியில் சோற்று வாசம் ஆகவில்லை. ஆவணி பிறந்ததும் வாந்தி.

"மசக்க வந்து ஒரு மாசத்துல, ஆவணி முடியிறதுக்குள்ள, மனுசக் கையில வெரல் எல்லாம் பிரிஞ்சிடும், அத்த. பிரியிறதுன்னா அப்பதான் பிரியும். நிக்கிறதுன்னா அப்பதான் நின்னிருக்கும். புள்ளைக்கு இருக்கிற மொட்டப் பாத்தீங்கதானே. கத்தி பட்டா மொட்டா இருக்கும்? அது வெட்டுப்பட்ட கையில்ல. வளராம நின்ன கை. புரட்டாசி, ஐப்பசி, கார்த்திக. அதுக்குப் பிறகுதான் மார்கழி. அவ பாண் வெட்டினப்ப உள்ளுக்குள்ள அந்தக் கை எப்பவோ முடிஞ்சிருச்சி."

வெளியே பீலிக் குழாயின் தண்ணீர் போல மழை கூரையிலிருந்து விழுந்துகொண்டிருந்தது.

"அப்ப ஏன் இப்புடி ஆச்சி?" என்றார் மாமியார்.

"ஏன்னு எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாம இருக்கலாம். எப்பன்னு தெரியும். அது மார்கழி இல்ல."

மாமியார் முகக்கவசத்தை மூக்குவரை ஏற்றிக்கொண்டார். அதற்கு மேலே இருந்த கண்கள் நிறைந்துவிட்டன. நான் அவர் மருமகளுக்காக அழுகிறார் என்று எண்ணினேன்.

"நான்தான் வெட்டச் சொன்னேன்" என்றார். "சீனி வருத்தம் எனக்கு. காலையில மாத்திரயப் போட்டுட்டுச் சாப்புடாம இருந்தேன், கிரகணத்துல சாப்புடக்கூடாதேன்னு. தலை சுத்தி விழப்போனேன். அவ வேணாம் அத்தன்னுதான் சொன்னா. நான்தான் ஒரு துண்டு வெட்டுடின்னேன். அவ வெட்டிக் குடுத்தா. நான் தின்னேன்."

இத்தனை மாதமாக அவர் மருமகளை ஏசியதெல்லாம் என்ன என்று அப்போது எனக்குப் புரிந்தது. யார் வெட்டச் சொன்னது என்று ஒருவரும் கேட்காத கேள்வியிலிருந்து தப்பி ஓடிக்கொண்டிருந்திருக்கிறார். என் மனைவி ஒரு கோப்பை தேநீரைக் கொண்டுவந்து, சீனி போடாததுதான் என்று சொல்லி, அவர் கையில் கொடுத்தாள்.

லயத்துக்கு வந்து மருமகளிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று மாமியார் மிஸ்ஸைக் கேட்டார். மிஸ் முடியாது என்று சொல்லிவிட்டார். சொல்ல வேண்டியவர் அவர்தான் என்றார். மாமியார் தலையாட்டினார், சொல்கிறேன் என்றார்.

"எப்ப?"

எனக்கே அது கொஞ்சம் கடுமையாகத்தான் பட்டது. மாமியார் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "இன்னைக்கே" என்றார்.

அன்றே சொல்லியிருக்கிறார். காம்பராவுக்குள் அல்ல, மாலையில் வேலை விட்டு வந்த பெண்கள் எல்லாம் குடத்தோடு நிற்கும் பீலிக்கரையில். ஆவணி, புரட்டாசி என்று மாதங்களை விரல் மடக்கி எண்ணிக் காட்டினாராம். பாணைத் தின்றது தான்தான் என்பதையும் மறைக்கவில்லையாம். சிலர் நம்பினார்கள். சிலர் வண்டு மிஸ் கிழவிக்கு என்னவோ குடிக்கக் கொடுத்துவிட்டாள் என்றார்கள். அடுத்த வாரம் மிஸ்ஸே தாயையும் குழந்தையையும் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு முச்சக்கரவண்டியில் கூட்டிப்போனார். குழந்தை வைத்தியர் அந்த மொட்டுகளில் இருந்த நகத்தின் சாயலைக் காட்டி, இது கருவின் ஆரம்பத்திலேயே நின்ற வளர்ச்சி, யார் செய்த பிழையும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். திரும்பி வந்து வண்டி லிந்துலையில் நின்றதும் அந்தப் பெண், "அக்கா, பெரட்டுக்குப் பேர் குடுக்கக் கடைசி நாள் எப்ப?" என்று கேட்டாளாம்.

அவள் வேலைக்குப் போனாள். குழந்தை பிள்ளைக்காம்பராவுக்குப் போனது. ஆனால் கம்பளி உறை கழலவில்லை. அந்த அளவுக்கு அவளுக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை. நாளும் பொழுதும் குழந்தை அந்த உறையைச் சப்பிச் சப்பி ஈரமாக்கியதால், ஒருநாள் ஆயா அதைத் துவைத்துக் கொடியில் போட்டாள். அந்த வாரம் லிந்துலையில் வெயில் எட்டிப் பார்க்கவேயில்லை. உறை காயவில்லை. காயும்வரை குழந்தை சும்மாதான் கிடந்தது. மற்றப் பிள்ளைகள் ஒருநாள் பார்த்தார்கள், இரண்டு நாள் பார்த்தார்கள். மூன்றாம் நாள் வேறு விளையாட்டுக்குப் போய்விட்டார்கள். உறை காய்ந்தபோது அதைத் தேடி எடுக்க யாருக்கும் ஞாபகம் இல்லை. பிறகு அது கைக்குச் சின்னதாகிவிட்டது.

மிஸ் ஊரில் அதிக நாள் இருக்கவில்லை. பல்கலைக்கழகம் திறந்து திரும்பிப் போனார். பெற்றோலுக்கும் சமையல் வாயுவுக்கும் நாடே வரிசையில் நின்ற வருடத்தில் மேல்படிப்புக்காக வெளிநாடு போனார். அங்கேயும் அதே வண்டு, அதே கால். போகும்போது ஒரு போத்தலை நானாவிடம் விட்டுவிட்டுப் போனார். கோதுமை மா கிடைக்காமல் பேக்கரி அடுப்பு பல நாள் எரியாத அந்த மாதங்களில், நானா மிச்சம் இருந்த மாவில் ஒரு கரண்டி எடுத்து அந்தப் போத்தலில் போடுவதை நான் கண்டேன். நான் கண்டது அவருக்குப் பிடிக்கவில்லை. "மிஸ் போன்ல கேப்பாங்க, எப்ப மா போட்டீங்கன்னு. பொய் சொல்ல ஏலுமா?" என்றார்.

அந்த வருடம் தீபாவளிக்கு மறுநாள் மாலை மறுபடி ஒரு சூரிய கிரகணம். பொழுது சாயும் நேரத்தில் கொஞ்சமாகப் பிடித்து, பிடித்தபடியே மறையும் என்று சொன்னார்கள். கடைத்தெருவிலிருந்து மேற்கு வானம் தெரியாது. ஆகவே நான் தோட்டத்துக்கு ஏறி, லயத்துக்கு மேலே உள்ள வளைவில் நின்றேன். லயத்தில் கதவுகள் சாத்தியிருந்தன. பட்டாசுக் காகிதம் ஈரத்தில் கிடந்தது. கடைசிக் காம்பராவின் கதவு மட்டும் விரியத் திறந்திருந்தது.

அந்தப் பெண் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது பிள்ளைக்கு ஏழாம் மாதம். ஸ்கேன் எப்போது என்று கேட்டு மிஸ் அங்கிருந்தே அவளை விடாமல் துரத்தியதையும், ஸ்கேனில் இரண்டு கையும் பத்து விரலும் பார்த்தாயிற்று என்பதையும் நான் கேள்விப்பட்டிருந்தேன். மாமியார் ஒரு தட்டில் பாணும் கத்தியும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். என்னைக் கண்டு நின்றார்.

"புடிச்சிருச்சா, ஐயா?"

மேற்கே மேகத்தின் கிழிசல் ஒன்றில் சூரியன் வலப்பக்க ஓரத்தில் லேசாகக் கடிபட்டுத் தெரிந்தது. பிடித்துவிட்டது என்றேன்.

"அப்ப சரி. வெட்டு புள்ள" என்றார் மருமகளிடம். "எனக்கும் மாத்திர போடணும்."

பக்கத்துக் காம்பராவின் கதவு ஒரு விரல் அகலம் திறந்தது. உள்ளேயிருந்து ஒரு குரல், வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு இந்த நேரத்திலா என்று கேட்டது. மாமியார் அந்தப் பக்கம் திரும்பவில்லை. "அந்தக் கையெல்லாம் வைகாசியிலயே வந்திருச்சி. நீ கதவச் சாத்து, குளிருது" என்றார்.

பாண் புதிது. கத்தி வைத்ததும் தட்டில் வழுக்கியது. பாட்டியின் முந்தானைக்குப் பின்னால் நின்ற சின்னவள் முன்னால் வந்து குந்தினாள். இடது கையை நீட்டி, அந்த ஐந்து மொட்டுகளையும் பாணின் மேல் பதித்து, முழுப் பாரத்தையும் போட்டு அழுத்திக்கொண்டாள்.

"வெட்டும்மா" என்றாள்.

பாண் அசையவில்லை.